உப்புக்காற்றின் நிர்வாகி

என் தம்பி பெண்சாதி மார்கிரட்டைப் பற்றி நான் எழுத வேண்டிய தேவையே இல்லை. தன்னைப் பற்றி எழுத அவளுக்கு இப்போது சொந்தமாக ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தின் திறப்புச் சாவி அவள் கைக்கு வந்த கதையை அவளிடமே விட்டால், தன் பைத்தியக்கார விசர்த்தனத்தை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதுவாள். ஆகவே நான் சொல்கிறேன். அந்த விசர்த்தனத்தை விடாமல் சொல்கிறேன்.

குருநகரில் எங்கள் வளவுக்குள் மூன்று வீடுகள். முன்வீடு மூத்தவர் தேவராசா அண்ணையுடையது. அண்ணி கண்ணை மூடிய பிறகு அங்கே தனியாக இருக்கிறார். சாப்பாடு மட்டும் பின்வீட்டில். நடுவீடு என்னுடையது. நான் கிறிஸ்ரினா. பின்வீட்டில் எங்கள் கடைக்குட்டித் தம்பி பத்திநாதனும் மார்கிரட்டும். அண்ணையும் தம்பியும் ஒரே வள்ளத்தில் நண்டு வலைக்குப் போகிறவர்கள். கடலில் இரண்டு பேரும் என்ன கதைப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு. அண்ணை கதைப்பார், தம்பி கேட்பான், வேறென்ன. பத்திநாதனுக்கு வாய் இருப்பது சோற்றுக்கோப்பைக்கு முன்னால் மட்டும்தான் தெரியும்.

மார்கிரட் அப்படியே மறுவளம். அரியாலைப் பெட்டை. விடிய வாயைத் திறந்தால் இரவுச் செபம் சொல்லிப் படுக்கும்வரை மூடமாட்டாள். பிள்ளைகள் இரண்டும் கொழும்பில் வேலைக்குப் போன பிறகு, கேட்க ஆளில்லாமல் கோழிகளோடு கதைத்தாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமினிக்கேசன் கடையில் அவளுக்கு வேலை. போட்டோகொப்பி எடுப்பாள், சனங்களின் விண்ணப்பங்களைத் தமிழில் தட்டிக் கொடுப்பாள். கடை முதலாளி புதுக் கணினி வாங்கியபோது பழைய மடிக்கணினியை இவளுக்குக் கொடுத்துவிட்டார். அதில் ஓர் எழுத்துக்கட்டை கழன்றிருந்தது. அதைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டோவிலிருந்து இறங்கியதை நான் பார்த்தேன். ஏதோ நடக்கப்போகிறது என்று அப்போதே நினைத்தேன்.

நடந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து நான் செருப்புக்கூடக் கழற்றவில்லை.

“மச்சாள்! ஓடியாங்கோ! நான் ஒரு புளொக் திறந்திட்டன்!”

“என்னத்தைத் திறந்தனி?”

“புளொக்! வலைப்பூ! உலகத்திலை ஆரும் எங்கையிருந்தும் வாசிக்கலாம். வாங்கோவன் கெதியா!”

போய்ப் பார்த்தேன். திரையில் பெரிய எழுத்தில் ‘உப்புக்காற்று’ என்று இருந்தது. அதன் கீழே ‘மார்கிரட் எழுதுகிறாள்’ என்று ஒரு வரி. என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, உண்மையைச் சொன்னால் என்ன. எங்கள் வீட்டுப் பெண்ணொருத்தியின் பெயர் இப்படித் தனியாக எழுதியிருந்ததை நான் அதற்கு முதல் கண்டதில்லை. கல்யாண அழைப்பிதழில் என்றாலும் ‘திரு, திருமதி பத்திநாதன்’ என்றுதான் வரும்.

அவள் முதல் பதிவையும் எழுதிப் போட்டுவிட்டிருந்தாள். ‘என்னுடைய முதல் கறி’ என்று தலைப்பு. நான் நின்றபடியே வாசித்தேன். இந்த வீட்டுக்கு வாழ வந்த கிழமை அவள் முதன்முதலாகச் சமைத்த கணவாய்க் கறியைப் பற்றியது. அந்த நேரம் நான் பிள்ளைப்பேற்றுக்குப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தேன், ஆனபடியால் எனக்கு அந்தக் கதை தெரியாது. அவள் எழுதியிருந்தது இதுதான்:

‘எல்லோரும் பாயில் இருந்து சாப்பிட்டார்கள். என் மனுசன் முதல் வாய் வைத்தவுடனே “உப்புக் கூடிப்போச்சு” என்றார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் குசினிக்குள் போய் நின்றேன். பிறகு சட்டியைப் பார்த்தால் எனக்கு ஒரு துண்டுகூட மிச்சமில்லை. ஆகவே உப்புக் கூடினதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் இருபத்தாறு வருடமாக உப்பு அள்ளும்போதெல்லாம் என் கை ஒருமுறை நின்றுதான் போகிறது.’

“எடியே, இவ்வளவு காலமும் இதை மனதுக்குள்ளை வைச்சிருந்தனியோ?”

“பின்னை? ஆருக்குச் சொல்லுறது? கோழிக்குச் சொன்னனான்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அடுத்ததாக அவள் சொன்னதில் சிரிப்பு இருக்கவில்லை. “மச்சாள், நான் சமைச்சுப் போடுறன், தின்னுகினம். நான் கதைக்கிறன், எழும்பிப் போகினம். நல்லம் எண்டோ கூடாது எண்டோ ஒரு சொல்லு இல்லை. இதிலை கீழை பின்னூட்டம் எண்டு ஒரு பெட்டி இருக்கு. வாசிக்கிற ஆக்கள் அதிலை எழுதலாம். எனக்கு ஒண்டு வந்தால் காணும். ஒரே ஒண்டு. யாகப்பர் கோயில் கொடியேத்தத்துக்கிடையிலை ஒண்டும் வராட்டி, உதை மூடிப்போட்டு நான் பழையபடி கோழியோடை கதைக்கிறன்.”

கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமைகூட இருக்கவில்லை.

“விசர்க்கதை கதையாதை. வரும்” என்றேன். எனக்கு என்ன தெரியும், வருமா வராதா என்று.

பிறகு அமைப்புகளைச் சரிசெய்ய உட்கார்ந்தோம். அதுவரை நான் கண்டறியாத உலகம் அது. முதலில் நேரம். அது ஏதோ வெளிநாட்டு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கொழும்பு என்று தெரிவுசெய்தாள். பிறகு பின்னூட்டம். ‘பதிவுசெய்த பயனர்கள் மட்டுமே எழுதலாம்’ என்ற பெட்டியில் சரி போட்டிருந்தது.

“அதை எடு. எங்கடை சனத்துக்குப் பதிவு, கிதிவு எண்டால் திரும்பிப் போயிடுங்கள்” என்றேன்.

எடுத்தாள். அடுத்தது, ‘எழுதுகிறவர் பெயரும் மின்னஞ்சலும் கட்டாயம் தர வேண்டும்.’

“அது இருக்கட்டும். ஆர் எண்டு தெரியவேணும்தானே.”

இருக்க விட்டாள். அடுத்தது, ‘நிர்வாகி பார்த்து ஒப்புதல் தந்த பிறகே பின்னூட்டம் வெளிவரும்.’ இதில் இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தோம். கண்ட கண்டதுகள் வந்து கூடாத வார்த்தை எழுதிவிட்டுப் போனால்? எங்கள் கோயில் சுவாமியாரும் வாசிக்கக்கூடும். சரி போட்டாள். இதுவரைக்கும் எல்லாம் புத்தியுள்ள வேலை. இதற்குப் பிறகுதான் விசர் பிடித்தது.

‘பயனர்கள்’ என்று ஒரு பக்கம். அங்கே ஆட்களைச் சேர்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு பதவி கொடுக்கலாம். மேலே நிர்வாகி. அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அதற்குக் கீழே தொகுப்பாளர், எழுத்தாளர், பங்களிப்பாளர் என்று இறங்கிக்கொண்டு போகிறது. கடைசிக்கு முதல் படியில் இருக்கும் பங்களிப்பாளர் எழுதலாம், ஆனால் மேலிடம் பார்த்து விட்டால்தான் அது வெளிவரும். அந்த நேரம் மார்கிரட்தான் நிர்வாகி. திறந்தவள் அவள்தானே. அவள் திரையைப் பார்த்தாள், பிறகு யன்னலால் முன்வீட்டைப் பார்த்தாள்.

எங்கள் வீட்டு வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். எங்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. வலை இறக்கமுதல் சிலுவை போடுகிறவர் அண்ணை. கோழிக்கறியில் கால் அண்ணைக்கு. வீட்டுக்கு எந்த அழைப்பிதழ், எந்தக் கடிதம் வந்தாலும் உடைப்பவர் அண்ணை. உடைத்துச் சத்தமாக வாசிப்பார். மனதுக்குள் வாசிக்க அவருக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மரண அறிவித்தலும் பூப்புனித நீராட்டு அழைப்பும் ஒரே குரலில்தான் வரும், வீதியால் சைக்கிளில் போகிறவனும் காலூன்றிக் கேட்டுவிட்டுப் போவான்.

“மச்சாள், நான் நிர்வாகியாயும் பெரியத்தான் ஒண்டுமில்லாமலும் இருந்தால் நல்லாவோ இருக்கும்?” என்றாள் மார்கிரட். அண்ணையை அவள் பெரியத்தான் என்றுதான் கூப்பிடுவாள்.

“அவருக்கு உதிலை என்ன வேலை? உது உன்ரை புளொக்!”

“இருந்தாலும் அவருக்கு மேலை நான் எப்பிடி இருக்கிறது? நாளைக்கு அவர் இந்தப் பக்கத்தைப் பாத்தால்?”

“பாத்தால் பாக்கட்டும்! அவரென்ன இதுக்குள்ளையோ வலை இறக்கப்போறார்?”

நான் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் மூன்று வீட்டுக்கும் கேட்கும். ஆனால் அவள் மரியாதை என்று ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். அண்ணையின் பெயரைச் சேர்த்து, நிர்வாகி என்று கொடுத்தாள். எனக்கு எழுத்தாளர் பதவி. நான் அவள் புருசனுக்கு மூத்தவள் அல்லவா. பத்திநாதனைச் சேர்க்கவில்லை. கேட்டதற்கு, “எனக்கு உந்தக் கோதாரியெல்லாம் வேண்டாம்” என்று கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டான். கடைசியாகத் தன் பெயரை எடுத்து, நிர்வாகியிலிருந்து இறக்கிப் பங்களிப்பாளராக்கினாள். கடைசி மருமகளுக்கு எது இடமோ அது. ‘நிச்சயமா?’ என்று அந்த இயந்திரம்கூட ஒருமுறை கேட்டது. அதற்கு இருந்த அறிவு இவளுக்கு இருக்கவில்லை. ஓம் என்று அழுத்தினாள்.

அமைப்புகள் என்ற சொல் திரையிலிருந்து மறைந்துபோனது. பயனர்கள் என்ற சொல்லும் போனது.

“எங்கை போச்சு?” என்றாள்.

“பெரியத்தானிட்டைப் போச்சு. போய் வாங்கு” என்றேன்.

அண்ணை வந்தார். தான் நிர்வாகி என்று கேள்விப்பட்டு, குளித்து, திருநாளுக்குப் போடும் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வந்தார். “நான் என்ன செய்யவேணும் பிள்ளை?” என்றார். “ஒண்டும் செய்யவேண்டாம் பெரியத்தான், நீங்கள் இருந்தால் காணும்” என்றாள். அவருடைய கைபேசியில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தோம். கடவுச்சொல்லை நாங்கள் பார்க்காதபடி திரும்பி நின்று தட்டினார். அவரிடம் பதவியைத் திருப்பிக் கேட்க மார்கிரட்டுக்கு வாய் வரவில்லை. எனக்கு வந்தது, ஆனால் அவள் என் கையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

நாட்கள் போயின. வாசித்தவர்களின் தொகை தினமும் கூடிக்கொண்டிருந்தது. பின்னூட்டம் மட்டும் பூச்சியம். விடிய எழும்பிப் பார்ப்பாள், பூச்சியம். கடையில் ஆளில்லாத நேரம் பார்ப்பாள், பூச்சியம். இரண்டாவது பதிவு எழுதுவதைக்கூட விட்டுவிட்டாள். கோயிலில் கொடிமரத்துக்கு வர்ணம் பூசத் தொடங்கிவிட்டார்கள். அவள் வாய் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வளவில் கோழிச் சத்தம்தான் மிஞ்சியது. நானே ஒன்றை எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் என் தமிழ் அவளுக்குத் தெரியும், பிடித்துவிடுவாள்.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் காலை. சோளகக் காற்று சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. நான் மீன் கழுவிக்கொண்டிருக்கிறேன், படலையைத் தள்ளிக்கொண்டு மார்கிரட் வருகிறாள். கடைக்குப் போய் அரைமணித்தியாலம்கூட ஆகவில்லை. ஒரு காலில்தான் செருப்பு.

“மச்சாள்! வந்திட்டுது! ஒண்டு வந்திட்டுது!”

“என்னது?”

“பின்னூட்டம்! ஒண்டு! ஒப்புதலுக்குக் காத்திருக்கு எண்டு காட்டுது!”

“மாதாவே! என்ன எழுதியிருக்கு?”

“தெரியாது! திறக்க விடுதில்லை! உங்களுக்கு அனுமதி இல்லை எண்டு சொல்லுது!”

மீன்கையோடு எழும்பி என்னுடைய கணக்கால் திறந்து பார்த்தேன். எழுத்தாளருக்கும் அனுமதி இல்லையாம். ‘1’ என்று ஒரு சிவப்பு எண் மட்டும் பளிச்சென்று நின்றது. என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதியது, நல்லதா கெட்டதா, ஒன்றும் தெரியாது. உலகத்திலேயே ஒரேயொரு மனிதர்தான் அதைத் திறக்கலாம். அவர் விடியப்புறம் தம்பியோடு வள்ளத்தில் போய்விட்டார். கைபேசியைச் சொப்பிங் பையில் சுற்றி, அதைத் தகரப்பெட்டிக்குள் வைத்து, அதற்கு மேல் ஏறி இருந்துகொண்டுதான் அவர் கடலுக்குப் போவார். அழைத்துப் பார்த்தோம். தொடர்பு எல்லைக்கு வெளியில் என்றது.

“நான் அப்பவே சொன்னனான்! அப்பவே சொன்னனான் இல்லையோ! மரியாதையாம் மரியாதை!”

“இப்ப ஏசாதையுங்கோ மச்சாள். வாங்கோ, வள்ளம் வாற ஜெற்றிக்குப் போவம்.”

போனோம். ஓடினோம் என்றுதான் சொல்லவேண்டும். ஐம்பதை நெருங்கிய ஒருத்தி ஒற்றைச் செருப்போடு, ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி மீன்செதிலோடு. வழியில் பார்த்தவர்களெல்லாம் பயந்துவிட்டார்கள். இந்தக் கரையில் பெண்கள் ஜெற்றிக்கு ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தெருமுனையில் கடை வைத்திருக்கும் பூரணம் அக்கா அதை விட்டு எழும்பி, “ஐயோ, ஆருக்கு என்ன?” என்று நெஞ்சில் கைவைத்தாள்.

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அக்கா, பின்னூட்டம் வந்திருக்கு!” என்று ஓடிக்கொண்டே கத்தினாள் மார்கிரட்.

அது என்ன நோயோ வருத்தமோ என்று பூரணம் அக்காவும் பின்னால் வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். ஜெற்றியில் போய் நின்றபோது ஒரு சிறிய கூட்டமே சேர்ந்துவிட்டது.

வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எங்களுடையது கடைசியில்தான் தெரிந்தது. மார்கிரட் கையிரண்டையும் வாயில் குவித்துக்கொண்டு கத்தினாள்.

“பெரியத்தான்! போனை எடுங்கோ! போன்!”

காற்று அவள் குரலை வேறு பக்கம் கொண்டுபோனது. அண்ணை கூட்டத்தைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார் பாவம். வள்ளம் கிட்ட வந்து, விசயத்தை நான் இரண்டுமுறை விளங்கப்படுத்திய பிறகுதான் அவர் முகத்துக்கு இரத்தம் திரும்பியது. ஆனால் பத்திநாதனின் முகத்தைப் பார்த்தேன். அதிலிருந்த இரத்தமெல்லாம் போய்விட்டது.

“அண்ணை, உதை வீட்டை போய்ப் பாக்கலாம். முதல்லை நண்டைக் கழட்டுவம்” என்றான். இவ்வளவு நீளமாக அவன் கதைத்ததே எனக்கு அதிசயம்.

“நண்டு எங்கையும் ஓடாது. நான் நிர்வாகி. சனம் காத்திருக்குது” என்று சொல்லி அண்ணை தகரப்பெட்டியைத் திறந்தார். பையை அவிழ்த்தார். பெருவிரலை வைத்தார். ஈரவிரலுக்குக் கைபேசி அசையவில்லை. நான் வள்ளத்தின் விளிம்பில் குனிந்து அவர் விரலைப் பிடித்து என் சட்டையிலேயே துடைத்துவிட்டேன். திறந்தது.

“அண்ணை, உது சும்மா குப்பையா இருக்கும். கண்டதுகளும் வரும். அழிச்சு விடுங்கோ” என்றான் பத்திநாதன்.

“என்ன சொன்னனீங்கள்?” மார்கிரட் வெடித்தாள். “என்ரை முதல் பின்னூட்டத்தை அழிக்கச் சொல்லுறியளோ? இருபத்தாறு வருசமா ஒரு சொல்லு சொல்லேல்லை, வேறை ஆரோ ஒரு நல்ல மனிசர் சொன்னால் அதையும் அழிக்கோணுமோ?”

அவன் வள்ளத்துக்குள் குனிந்து இல்லாத ஒரு கயிற்றைத் தேடினான்.

அண்ணை கைபேசியைக் கைநீளத்துக்குத் தூரப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். திருமண அழைப்பு வாசிக்கும் அதே குரல் ஜெற்றி முழுவதும் கேட்டது.

“பெயர். ஒரு வாசகர்.”

“வாசகர்!” என்று மார்கிரட் என் கையை இறுக்கினாள்.

“மின்னஞ்சல். பத்... பத்தி... நாதன்.”

அண்ணை நிறுத்தினார். கூட்டம் முழுவதும் என் தம்பியைத் திரும்பிப் பார்த்தது. மார்கிரட் கடைசியாகத்தான் திரும்பினாள். மின்னஞ்சல் கட்டாயம் என்று நாங்கள் விட்ட அந்தச் சரி அவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. காலையில் வள்ளம் வெளிக்கிட முதல் எண்ணெய் ஊற்றும் நேரம் பார்த்துக் களவாக எழுதி அனுப்பியிருக்கிறான். நேராக அவளிடம் போய்விடும் என்று நினைத்திருக்கிறான். அது முதலில் யாரிடம் போகும் என்பது, வலை பொத்திக்கொண்டு காது கேளாதவன் மாதிரி இருந்தவனுக்கு எப்படித் தெரியும்?

“அண்ணை, வாசிச்சது காணும்” என்றான் மெதுவாக.

“தொடங்கினால் முடிக்கோணும்” என்றார் அண்ணை. வாசித்தார்.

“வணக்கம். உமது முதல் கறி வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர். இரண்டுமுறை வாசித்தேன். ஒன்று மட்டும் பிழை. அன்றைக்கு உப்புக் கூடவில்லை. அளவாக இருந்தது. அப்படி ஒரு கணவாய்க் கறி நான் அதற்கு முதல் தின்றதில்லை. அண்ணைக்கு முன்னால் பெண்சாதியின் சமையலைப் புகழ எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். பிறகு அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியவில்லை. நீர் உப்பு அள்ளும்போது கை நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன்.”

அண்ணை கைபேசியை விரலால் தள்ளினார். இன்னும் ஒரு வரி இருந்தது.

“இதை அண்ணைக்குச் சொல்ல வேண்டாம்.”

அண்ணை கைபேசியை மெல்லத் தாழ்த்தினார். பிறகு பூரணம் அக்கா சிரித்தாள் பாருங்கள்! அதோடு எல்லோரும் வெடித்தார்கள். பக்கத்து வள்ளத்தில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தவன் வலைக்கு மேல் விழுந்து சிரித்தான். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன். பத்திநாதன் மட்டும் சிரிக்கவில்லை. மார்கிரட்டும் சிரிக்கவில்லை. அவள் அழுதாள். ஒளிக்காமல், முகத்தைத் துடைக்காமல் அத்தனை பேருக்கும் முன்னால் நின்று அழுதாள்.

“என்னட்டை வந்து சொல்லியிருக்கலாம்தானே” என்றாள்.

அண்ணை கைபேசியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். நிர்வாகி இப்போது என்ன செய்யப்போகிறார் என்று நான் எழும்பி நின்றேன். அண்ணைக்குக் கோபம் வருமோ என்றுதான் நினைத்தேன்.

“மார்கிரட்” என்றார் அவர். “அண்டைக்கு நான் மூண்டு தரம் போட்டுச் சாப்பிட்டனான். உனக்கு மிச்சமில்லாமல் போனது என்னாலைதான். உப்புக் கூடியிருந்தால் தின்னேலுமே? இவன் சொன்னதைக் கேட்டு எனக்கும் அதிசயமாத்தான் இருந்தது. ஆனால் தம்பி பெண்சாதியின்ரை கறியை நான் புகழுறது முறையில்லை எண்டு நானும் வாயைப் பொத்திக்கொண்டிருந்திட்டன்.”

அப்படியென்றால் ஆம்பிளைகள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை பார்த்து, நடுவில் இவளை இவ்வளவு காலமும் உப்பு முட்டியோடு நிற்க வைத்திருக்கிறார்கள்! எனக்கு வந்த கோபத்தில் இரண்டு பேரையும் கடலுக்குள் தள்ளியிருப்பேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணை விரலைச் சேட்டில் மறுபடி துடைத்து, ஒப்புதல் என்ற இடத்தை அழுத்திவிட்டார். பிறகு கைபேசியை மார்கிரட்டிடம் நீட்டினார்.

“இந்தா பிள்ளை. உந்தப் பதவியை நீயே எடு. அவனவன் பெண்சாதிக்கு எழுதுறதெல்லாம் என்னட்டை வரப்படாது. எனக்கு மனதுக்குள்ளை வாசிக்கத் தெரியாது.”

“பெரியத்தான், நீங்கள் மூத்தவர்...”

“எடி, எடு எண்டு சொல்லுறார்! எடு!” என்று கத்தினேன் நான்.

எடுத்தாள். அந்த இடத்திலேயே, மீன்வாடைக்குள் நின்றுகொண்டு, தன் பெயருக்குப் பக்கத்தில் நிர்வாகி என்று மாற்றினாள். இந்தமுறையும் ‘நிச்சயமா?’ என்று கேட்டது. அழுத்தியபோது அவள் கை நிற்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அண்ணையை நீக்கவில்லை; வாசகராக வைத்துக்கொண்டாள்.

பத்திநாதன் வள்ளத்திலிருந்து இறங்கினான். எங்களைத் தாண்டி நேராகப் பக்கத்து வள்ளத்துக்குப் போனான்.

“கணவாய் கிடக்கோ?” என்று கேட்டான்.

மத்தியானம் பின்வீட்டில் எல்லோரும் சாப்பிட இருந்தோம். பூரணம் அக்காவும் வந்துவிட்டாள். அவளை யார் கூப்பிட்டது என்று கேட்காதீர்கள். மார்கிரட் சட்டியை இறக்குமுன் தனக்கென்று ஒரு கிண்ணத்தில் கறி எடுத்து மூடி வைத்தாள். பிறகு வழக்கப்படி முதலில் அண்ணைக்குப் போட்டாள், அடுத்தது பத்திநாதனுக்கு. யாரும் கோப்பையில் கைவைக்கவில்லை. எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கும் இப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

அவன் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தான். மென்றான். காது இரண்டும் சிவந்துபோயின. அண்ணையை ஒருமுறை பார்த்தான். அண்ணை யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உப்பு...” என்றான்.

மார்கிரட் அகப்பையைத் தூக்கினாள்.

“உப்பு அளவா இருக்கு” என்றான், வீதியால் போகிறவனுக்கும் கேட்கும்படி. “இன்னும் கொஞ்சம் போடும்.”